எல்லாவற்றையும் மூடிய வரி

அலுவலகத்தில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன்தான். கணவனின் தம்பி, அவளே முதலாளியிடம் பேசி, தன் வரிசையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தவன். அவன் சேர்ந்த புதிதில் ஒரு நாள், யாரோ எழுதிய கம்ப்யூட்டர் நிரலை அவள் வரிவரியாகப் பார்த்து அழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி கையில கீபோர்டா இருக்கு? தொடப்பமில்ல இருக்கு!" என்றான். அவ்வளவுதான். மறுநாளே காபி மெஷின் பக்கத்தில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்ததா என்றால் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை அவனை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை. அவளைக் குறைசொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நல்லவள். கெட்டிக்காரி. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அந்த நிறுவனம் பெரிய கட்டடங்களுக்கு ஒரு காவல்காரப் புரோகிராம் செய்து விற்றது. கட்டடத்தின் வலையமைப்பில் மாட்டியிருக்கும் இணைப்புப் பெட்டிகள், பிரிண்டர்கள், பேட்டரிகள், குளிரூட்டிகள் எல்லாவற்றையும் "இருக்கியா? இருக்கியா?" என்று அது விசாரித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு கருவிக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்தக் கருவியே கூப்பாடு போடும். அதைக் கேட்டதும் புரோகிராம் அலாரம் அடிக்கும். இந்தப் பேச்சுக்கெல்லாம் முதலில் ஒரு செஷன், அதாவது பேசுவதற்கென்று ஒரு வழி, திறக்க வேண்டும். திறந்தால் அது கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்ளும். பேசி முடித்ததும் மூடி, பிடித்த இடத்தை விட்டுவிட வேண்டும். மூடாவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது, வம்பே அதுதான். திறந்தது திறந்தபடி கிடந்து, மேலும் மேலும் சேர்ந்து, ஒரு நாள் மூச்சுமுட்டிப் புரோகிராம் குப்புற விழும்.

அவள் வருவதற்கு முன்னால் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. எழுதியவர்கள் எல்லாம் திறப்பதில் சூரர்கள். மூடுவதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை. பிரச்சினைக்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? தினமும் சாயங்காலம் புரோகிராமைத் தானாகவே ஒருமுறை நின்று எழவைத்தார்கள். நின்று எழுந்தால் எல்லாம் புதிதாகிவிடும் அல்லவா? பலே வைத்தியம். அவள் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, மூடாத செஷன்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மூடினாள். விழுவது நின்றது. அந்தச் சாயங்காலப் பழக்கத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள்.

அதன் பிறகு அவள் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது. "மூடினியா?" என்பதுதான் அவள் வாயிலிருந்து வரும் காலை வணக்கம். மூடாமல் விட்டவன் பாடு திண்டாட்டம். மேசைக்கே போய் நின்று, அவனைக்கொண்டே மூடவைத்துவிட்டுத்தான் நகர்வாள். முதலாளிக்கு அவள்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. "அந்தம்மா பார்த்துட்டாங்களா? அப்ப சரி" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

கொழுந்தன் அவளுக்கு நேர் எதிர். அவர்கள் வீட்டிலேயேதான் இருந்தான். பீரோவைத் திறந்தால் திறந்தபடி, பற்பசை மூடி ஒரு பக்கம், பேனா மூடி ஒரு பக்கம். குளிக்கப் போனால் பாட்டு மட்டும் வரும், ஆள் வரமாட்டான். "உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம்டா" என்பாள். "அவளுக்கும் ஒரு தொடப்பம் வாங்கிக் கொடுத்துடுங்க அண்ணி" என்பான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். வழியெல்லாம் சிரிப்புத்தான். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. அந்தக் குறையே தெரியவில்லை என்று கணவனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் அப்படி இருந்தவன் வேலையில் அப்படி இல்லை. கருவிகள் போடும் கூப்பாட்டைக் கேட்டு அலாரம் அடிக்கும் பகுதி முழுக்க அவன் எழுதியது. அது ஒரு செஷனைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை அவள் பார்த்து, திருத்த ஒன்றுமில்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அது அவள் நினைவில் தங்கவில்லை. பற்பசை மூடிதான் தங்கியது. மனுஷ மனசு அப்படித்தான், என்ன செய்வது!

அந்தச் சமயத்தில் அவள் ஓர் அறிக்கைப் புரோகிராம் எழுதினாள். கட்டடத்தில் என்னென்ன கருவி இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டுத் தொகுத்துக் கொடுக்கும். தனிப் புரோகிராம். ஓடி முடிந்ததும் தான் திறந்த செஷன்களை மூடும். அதோடு விடாமல், கடைசி வரியில் இன்னொன்றும் செய்யும். கருவிகளோடு பேசுவதற்கென்றே ஒரு பொது நிரல் தொகுப்பு உண்டு. அதை ஒட்டுமொத்தமாகத் துடைத்து, பிடித்த இடம் எல்லாவற்றையும் விடுவிக்கும் கட்டளை அது. தனியாக ஓடும் புரோகிராமுக்கு அது சரிதான், செய்யத்தான் வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிற மாதிரி.

பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை. "எதுக்கு ரெண்டு புரோகிராம்? எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துடும்மா, வாங்குறவங்களுக்கு வசதியா இருக்கும்." அவள் தன் அறிக்கையைக் கொண்டுபோய்க் காவல்காரப் புரோகிராமுக்குள் வைத்தாள். கடைசி வரியோடு சேர்த்து வைத்தாள். இப்போது அது பல குடித்தனம் இருக்கும் வீடு. தன் அறையைப் பூட்டிவிட்டு மெயினை அணைத்தால் பக்கத்து அறை என்ன ஆகும்? யோசிக்கவில்லை. மற்றவர்களின் நிரலைச் சல்லடை போட்டுச் சலிக்கிறவளுடைய நிரலை யார் சலிப்பார்கள்? அவளே எழுதி, அவளே பார்த்து, அவளே அனுப்பினாள்.

அந்தத் தப்பு உடனே மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. வழக்கமாக அறிக்கை எடுப்பது சாயங்காலம். எடுத்த கையோடு அந்தப் பழைய வைத்தியப்படி புரோகிராம் நின்று எழுந்துவிடும்; கொழுந்தனின் பகுதியும் புதிதாகச் செஷனைத் திறந்துகொள்ளும். நடுவில் அதன் காது அடைபட்டதை யாரும் கவனிக்க வழியே இல்லை.

பிறகு அந்த மருந்துக் கிடங்கு வந்தது. ஊசி மருந்துகளைக் குளிரில் வைக்கும் பெரிய கிடங்கு. அங்கே புரோகிராமைப் பொருத்தியவன் கொழுந்தன். எந்தெந்தக் கருவியின் கூப்பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திரையில் டிக் செய்ய வேண்டும். அதையும் அவன்தான் செய்தான். சில மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒரு நாள் காலையில் கிடங்கிலிருந்து போன். யாரோ அதிகாரி பார்வையிட வந்திருக்கிறார், அவசரமாக அறிக்கை வேண்டும். போனை எடுத்தவள் அவள். "ரெண்டு நிமிஷம் சார்" என்று தன் மேசையிலிருந்தே அந்த மெஷினுக்குள் போய் அறிக்கையை எடுத்து அனுப்பினாள். நன்றி சொன்னார்கள். வைத்துவிட்டாள்.

மதியம் குளிரூட்டி நின்றது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி கூப்பாடு போட்டது, கேட்க யாருமில்லை. விசாரிக்கும் பகுதி ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செஷன் திறக்கிற ரகம் என்பதால் அது பாட்டுக்கு "இருக்கியா?" என்று கேட்டது. பெட்டியும் "இருக்கேன்" என்றது. திரை முழுக்கப் பச்சை. யாரோ கதவைத் திறந்து, உள்ளே வெதுவெதுவென்று இருப்பதைப் பார்த்து அலறும்வரை பச்சைதான். மருந்து முழுவதும் குப்பைக்குப் போயிற்று.

கொழுந்தன் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் கிடங்குக்காரர்கள் பதற்றத்தில் புரோகிராமை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டு, எல்லா அலாரத்தையும் தாங்களே டிக் செய்துவைத்திருந்தார்கள். முன்பு என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்க்க ஒரு தடயமும் இல்லை.

மறுநாள் கூட்டம். முதலாளி முகம் செத்துப்போயிருந்தது. மேசை நடுவில் ஸ்பீக்கர் போனில் கிடங்கின் மேலாளர் எகிறிக்கொண்டிருந்தார். "உங்க ஆள் அந்த ஒண்ணை மட்டும் டிக் பண்ண மறந்துட்டாருன்னு நேரா ஒத்துக்குங்களேன்!"

"நான் போட்டேன் சார். நல்லா ஞாபகம் இருக்கு. இங்க என் மெஷின்லகூட அலாரம் வருது" என்றான் கொழுந்தன்.

என் மெஷினில் வருகிறது! தப்பு செய்தவன் எல்லாம் சொல்லும் சாக்கு; அந்தத் தொழிலில் இதைவிடக் கேலிக்கான வாக்கியம் கிடையாது. ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

எல்லாக் கண்ணும் அவள்மேல். சொந்தக்காரன் என்று பூசி மெழுகப் போகிறாள் என்று பார்க்கிறார்கள். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. உண்மையில் யாரும் அப்படிப் பார்த்தார்களோ என்னவோ, யார் கண்டது? "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். பழி வேறு யார்மேல் வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"இவன் திறந்ததை மூடமாட்டான், திறக்க வேண்டியதைத் திறக்கமாட்டான். எங்க வீட்லயே அப்படித்தான் சார்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஸ்பீக்கரிலும் சிரிப்பு வந்தது. இறுக்கம் தளர்ந்ததில் முதலாளிக்கே ஆசுவாசம். சிரிக்காதவன் கொழுந்தன் ஒருவன்தான். அவன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்பில் கணக்கு தப்பாகிவிட்டது என்று டீச்சர் சொன்னால், எங்கே தப்பு என்று தேடும் பையனைப் போலப் பார்த்தான்.

அந்த வாரமே வேலை போயிற்று. அடுத்த மாதம் வேறு பகுதியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு வீட்டை விட்டும் போனான். "ஏன்டா, இங்கயே இருந்துக்கிட்டு வேற வேலை தேடேன்" என்று அவள் சொன்னாள். "இல்ல அண்ணி, கொஞ்ச நாள் தனியா இருந்து பார்க்கிறேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் அவளுக்குச் சுருக்கென்றது. பல இடங்களில் கூப்பிட்டும் அவன் மறுபடி நிரல் எழுதப் போகவில்லை. ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தான். விசேஷ நாட்களில் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், அண்ணனோடு நாலு வார்த்தை பேசுவான், போய்விடுவான். துடைப்பம் என்ற பேச்சே அவன் வாயில் வருவதில்லை. "அவனுக்குப் புத்தி வந்துடுச்சு" என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாருங்கள், அப்படியும் ஒரு நினைப்பு!

வருஷங்கள் ஓடின. அவளுக்குப் பெரிய அறை கிடைத்தது, கண்ணாடிக் கதவோடு. ஒரு நாள் வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் பெண் உள்ளே வந்தாள். "அக்கா, ஒரு ஆஸ்பத்திரியில வித்தியாசமா சொல்றாங்க. பகல்ல அறிக்கை எடுத்தா, அதுக்கப்புறம் ராத்திரிவரைக்கும் அலாரமே வர்றதில்லையாம். நானும் இங்க போட்டுப் பார்த்தேன். ஆமா, வரல."

"ராத்திரிவரைக்கும்னா?"

"அவங்க ரீஸ்டார்ட்டை ராத்திரிக்கு மாத்தி வச்சிருக்காங்க அக்கா."

"அலாரம் பகுதிதானே? அது ஒருத்தன் விட்டுட்டுப் போன குப்பை. கொடு, நானே பார்க்கிறேன்" என்றாள்.

உட்கார்ந்தாள். கொழுந்தனின் பகுதியை மேலிருந்து கீழே படித்தாள். திறக்க வேண்டிய இடத்தில் திறந்திருந்தான், மூட வேண்டிய இடத்தில் மூடியிருந்தான். மறுபடி படித்தாள். குறையே இல்லை. எரிச்சலோடு, அறிக்கை எடுத்தால் என்ன நடக்கிறது என்று வரிசையாகத் தொடர்ந்து போனாள். தன் நிரலுக்குள் வந்தாள். தன் கடைசி வரிக்கு வந்தாள். அதற்கு மேலே தானே எழுதிவைத்த குறிப்பு: எதையும் திறந்து விட்டுப் போகாதே.

அந்தக் கட்டளையின் விளக்கத்தைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள். புரோகிராமின் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் சரி, அது மொத்தப் புரோகிராமின் செஷன்களையும் மூடிவிடும். முழுதும் முடிகிற நேரத்தில் மட்டுமே கூப்பிட வேண்டும். தெளிவாகப் போட்டிருந்தது. அந்தக் காலை நினைவுக்கு வந்தது. கிடங்கிலிருந்து வந்த போன், 'ரெண்டு நிமிஷம் சார்', அவர்கள் சொன்ன நன்றி. தன் கையால்தான்! பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். புகார்ப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

வரியை எடுத்தாள். பிரச்சினை தீர்ந்தது. எத்தனை சுலபமாகத் தீர்ந்துவிட்டது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழசை எதுக்கும்மா கிளறிக்கிட்டு? திருத்தத்தை அனுப்பிடு, அவ்வளவுதான்."

"எல்லார் முன்னாடியும் சொன்னேன் சார். எல்லார் முன்னாடியும்தான் திருப்பிச் சொல்லணும்."

அதே அறையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். மருந்துக் கிடங்கு விஷயத்தில் தப்பு தன்னுடையது, கொழுந்தனுடையது இல்லை என்று சொன்னாள். எதிரே இருந்ததெல்லாம் இளசுகள். அன்றைக்குச் சிரித்தவர்களில் முதலாளியைத் தவிர ஒருவர்கூட இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "யாரு மேடம் அவரு?"

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

"திட்டுங்களேன்" என்றாள்.

"நான் திட்டி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு நானும்தானே நீ சொன்னதை நம்பினேன்! போய் அவன்கிட்ட சொல்லு."

மறுநாள் மதியம் டைல்ஸ் கடைக்குப் போனாள். கொழுந்தன் ஒரு தம்பதிக்குக் குளியலறை டைல்ஸ் காட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் பட்டால் எது வழுக்கும், எது வழுக்காது என்று கையால் தடவித் தடவிச் சொன்னான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மாறியது. "அண்ணி! என்ன இந்தப் பக்கம்? அண்ணனுக்கு ஏதாவது…"

"அண்ணன் நல்லா இருக்கார். உன்கிட்டதான் பேசணும்."

தம்பதி போனபின், டைல்ஸ் அட்டைப்பெட்டிகளின் மேல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. உளறிக்கொட்டித்தான் சொன்னாள். அறிக்கை, கடைசி வரி, மொத்தமாகத் துடைத்தது, தானே எடுத்து அனுப்பியது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப என் செஷன் திறந்துதான் இருந்துச்சா?"

"திறந்துதான் இருந்துச்சு. நான்தான் மூடினேன்."

"டிக்கும் போட்டிருந்தேனா?"

"போட்டிருந்தேடா. போடாம எப்படி? நீ எல்லாமே சரியாத்தான் பண்ணியிருந்தே."

அவன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "போட்ட ஞாபகம் எனக்கு நல்லா இருந்துச்சு அண்ணி. அந்தத் திரை, அந்தப் பெட்டியோட பேரு, எல்லாம். அப்புறம் நீங்க சொன்னதும் யோசிச்சேன். நம்ம ஞாபகம்தான் தப்பு போலிருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். போடாததைப் போட்டேன்னு நினைச்சுக்கிற ஆளு இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னுதான் திரும்பப் போகல."

அவன் கோபித்துக்கொண்டு போனான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவன் அவளை நம்பிவிட்டுப் போயிருக்கிறான்.

"என்னை மன்னிச்சுடுடா. கண்ணு முன்னாடி இருந்த ஒரு வரி, கவனிக்காம விட்டுட்டேன்."

"அட, வரியை விடுங்க அண்ணி. யார் எழுதினாலும் தப்பு வரும். நானும்தான் எத்தனை தப்பு எழுதியிருக்கேன்!" என்றான். அவளை நேராகப் பார்த்தான். "அன்னைக்குக் கூட்டத்துக்கு முன்னாடி என்னோடதைத் திறந்து பார்த்தீங்கல்ல? பார்த்துட்டுத்தானே சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தலையாட்டல் போதும், அவனுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

"பார்க்கலை" என்றாள்.

"எல்லாரோடதையும் பார்ப்பீங்களே அண்ணி."

"உன்னைத்தான் எனக்குத் தெரியுமேன்னு நினைச்சுட்டேன்."

கடைக்குள் ஒருவர் வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். கொழுந்தன் எழுந்தான். "வாங்க சார், தரைக்கா, சுவத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனான். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் போய், இன்னொருவர் வந்து, அவரும் போனார். கொழுந்தன் அவள் பக்கம் திரும்பி வரவில்லை.